ஆளுநரின் கையெழுத்தும் பிரதம நீதியரசரின் நாற்காலியும்

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. வடக்கு மாகாண சபையின் காலம் அடுத்த ஆண்டு ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு இரு மாகாணங்களிலும் தேர்தல் நடக்கவில்லை. நான் வசிக்கும் திருகோணமலையில் மாகாண அமைச்சுக்களின் அலுவலகங்கள் திறந்திருக்கின்றன, வாகனங்கள் ஓடுகின்றன, சுற்றுநிருபங்கள் வருகின்றன. ஆனால் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர்கூட அங்கு இல்லை. ஜனாதிபதி நியமித்த ஆளுநர் ஒருவரே மாகாணத்தை நடத்துகிறார்.

இந்த நிலைமை நமக்குப் பழகிப்போய்விட்டது. பழகிப்போனதாலேயே ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை: தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத இடத்தில் ஆளுநரின் கையெழுத்து அந்தச் சபையின் சம்மதமாகுமா? இந்தக் கேள்விக்கு இலங்கையின் உயர் நீதிமன்றம் 2012இல் பதில் சொன்னது. ஆகாது என்பதே அந்தப் பதில். அதைச் சொன்ன அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் முதலாவது பெண் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க. அது சபாநாயகரின் கைக்குப் போய் மூன்று மாதம் முடிவதற்குள் அவருடைய பதவி பறிக்கப்பட்டது.

அவருடைய கதையைக் கொழும்பு மேல்தட்டுக்குள் நடந்த ஒரு அதிகாரச் சண்டை என்று தமிழ் மக்களில் பலர் அன்று ஒதுக்கிவைத்தார்கள். அப்படி ஒதுக்கியதற்குக் காரணங்களும் இருந்தன. அந்தக் காரணங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் இருந்து நேரே உயர் நீதிமன்றத்துக்கு

1958இல் பிறந்த ஷிராணி பண்டாரநாயக்க அனுராதபுரத்தில் பாடசாலைக் கல்வி கற்றவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சட்டபீடாதிபதியாக உயர்ந்தார். 1996 ஒக்டோபர் 30ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அவரை உயர் நீதிமன்ற நீதியரசராக நியமித்தார். அப்போது அவருக்கு வயது 38. அதற்கு முன்னர் எந்தப் பெண்ணும் அந்த நீதிமன்றத்தில் நீதியரசராக அமர்ந்ததில்லை.

நியமனம் வந்தவுடனேயே எதிர்ப்பும் வந்தது. அவர் ஒருநாளும் நீதிபதியாக இருந்தவரில்லை, நீதிமன்றத்தில் வழக்குப் பேசிப் பழகியவருமில்லை என்றார்கள். அப்போதைய அமைச்சர் ஜீ.எல். பீரிஸுடன் சட்டபீடத்தில் பணியாற்றிய நெருக்கத்தால் வந்த அரசியல் நியமனம் என்றார்கள். நியமனத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரப்பட்டது. அது தள்ளுபடியானது. எதிர்த்தவர்களில் எத்தனை பேர் அனுபவத்தைப் பார்த்து எதிர்த்தார்கள், எத்தனை பேர் ஒரு பெண் அந்த வரிசையில் அமர்வதைப் பொறுக்காமல் எதிர்த்தார்கள் என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

அதே 1996இல் திருகோணமலை மாவட்டத்துக்கும் ஒரு திகதி இருக்கிறது. பெப்ரவரி 11ஆம் திகதி கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் பெண்களும் குழந்தைகளுமாக 24 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு இருபது ஆண்டுகள் இழுபட்டு, இந்த மாவட்டத்தில் இருந்து அனுராதபுரத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. 2016 ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் இராணுவத்தினரும் ஜூரிகளின் தீர்மானத்தின்படி விடுவிக்கப்பட்டார்கள். கொழும்பில் ஒரு பெண் உயர் நீதிமன்றத்துக்குள் நுழைந்த செய்தி குமாரபுரத்துப் பெண்களுக்கு ஏன் ஒரு செய்தியாகவே படவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

நாம் கண்ட உயர் நீதிமன்றம்

2006 ஒக்டோபர் 16ஆம் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் அமர்வு வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இணைக்கப்பட்டது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 18 ஆண்டுகளாக இருந்த ஒரு ஏற்பாடு ஒரே தீர்ப்பில் முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர், பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றை வைத்துத் தண்டிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கில், ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு முறையிட இடம்கொடுத்த சர்வதேச உடன்பாட்டில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இந்த இரண்டு அமர்விலும் ஷிராணி பண்டாரநாயக்க இருக்கவில்லை. 2007இல் சம்பூரையும் மூதூர் கிழக்கையும் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவித்ததை எதிர்த்த மனுவையும் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. சம்பூர் மக்கள் முகாம்களில் ஆண்டுகளைக் கழித்தார்கள். 818 ஏக்கர் நிலத்தை முதலீட்டு வலயத்தில் இருந்து விடுவிக்கும் அறிவிப்பு 2015இல்தான் வந்தது.

ஆக, 2012இல் நீதித்துறையின் சுதந்திரத்துக்கு ஆபத்து என்று கொழும்புச் சட்டத்தரணிகள் வீதிக்கு வந்தபோது, எந்தச் சுதந்திரத்தைச் சொல்கிறீர்கள் என்று நம் ஆட்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

இதோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். 2010இல் 18ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒருவர் இரு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பை அது நீக்கியது. அரசியலமைப்புப் பேரவையை ஒழித்து, உயர் நீதிமன்ற நீதியரசர்களை ஜனாதிபதியே நியமிக்க வழிவிட்டது. அதற்கு மக்கள் வாக்கெடுப்புத் தேவையில்லை, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு போதும் என்று சொன்ன ஐவர் அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் ஷிராணி பண்டாரநாயக்க. 2010 செப்டெம்பர் 8ஆம் திகதி 161 வாக்குகளால் திருத்தம் நிறைவேறியது. அந்த ஆண்டில் அவருடைய கணவர் அரச வங்கியான தேசிய சேமிப்பு வங்கியின் தலைவராக நியமிக்கப்பட்டிருந்தார். 2011 மே மாதம் அவரைப் பிரதம நீதியரசராக மஹிந்த ராஜபக்‌ஷ நியமித்தார். அந்த நியமனமும் 18ஆவது திருத்தத்தின் கீழேயே நடந்தது.

ஜனாதிபதியின் கையை அவிழ்த்துவிட்ட தீர்மானத்தில் இருந்தவர், அடுத்த இரண்டரை ஆண்டுகளுக்குள் அந்தக் கைக்கே அகப்பட்டார். இதை ஊழ்வினை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு நீதிபதியின் மீது அதிகாரம் செல்லுபடியாகும்போது அது அவரோடு நின்றுவிடுவதில்லை. அவர் மாற்றிச் சொன்ன ஒரு தீர்மானம் யாரைப் பாதுகாத்தது என்று பார்த்தால் அது தெரியும்.

வாழ்வின் எழுச்சி

2012இல் அன்றைய பொருளாதார அபிவிருத்தி அமைச்சர் பசில் ராஜபக்‌ஷ ‘திவிநெகும’ சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். தமிழில் அதற்கு ‘வாழ்வின் எழுச்சி’ என்று பெயர் வைத்தார்கள். சமுர்த்தி அதிகாரசபையையும் வேறு இரண்டு அபிவிருத்தி அதிகாரசபைகளையும் இணைத்து ஒரே திணைக்களமாக்கி, பெரும் நிதியை ஒரு அமைச்சரின் கீழ் கொண்டுவருவதே அதன் சாரம். மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட விடயங்கள் பல அதற்குள் வந்தன.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் இதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. மாகாண சபைகளுக்கு உரிய விடயம் ஒன்றில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவதானால், அந்தச் சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பி அபிப்பிராயம் பெறவேண்டும். எல்லாச் சபைகளும் சம்மதித்தால் சாதாரண பெரும்பான்மை போதும். ஒன்றாவது மறுத்தால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். செப்டெம்பரில் ஷிராணி பண்டாரநாயக்க தலைமையிலான மூவர் அமர்வு அந்தப் பூட்டை அரசாங்கத்துக்கு நினைவூட்டியது. முதலில் சபைகளிடம் போங்கள் என்றது.

அரசாங்கம் சபைகளிடம் போனது. திருகோணமலையில், தேர்தல் முடிந்து சில வாரங்களே ஆன கிழக்கு மாகாண சபை, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எதிர்ப்புக்கு நடுவே சட்டமூலத்துக்குச் சம்மதம் கொடுத்தது. அந்தச் சபையில் கூட்டமைப்பிடம் 11 ஆசனங்கள் இருந்தன. முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்தோடு சேர்ந்து ஆட்சி அமைத்திருந்தது. பிடித்ததோ பிடிக்கவில்லையோ, அது வாக்குப் பெற்றவர்கள் எடுத்த முடிவு.

வடக்கில் நிலைமை வேறு. அங்கு அப்போது மாகாண சபையே இல்லை. முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில்தான் நடந்தது. அதனால் ஆளுநர் ஜீ.ஏ. சந்திரசிறியின் சம்மதம் வடக்கின் சம்மதமாகக் காட்டப்பட்டது. அவர் ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஜெனரல். யாழ்ப்பாணத்தில் படைத் தளபதியாக இருந்தவர். வடக்கு மக்களின் வாழ்வாதாரம் சம்பந்தப்பட்ட சட்டத்துக்கு வடக்கு மக்களின் பெயரால் ஒரு முன்னாள் படைத் தளபதியின் சம்மதம்.

கூட்டமைப்பு இதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. ஆளுநரால் மாகாண சபையின் இடத்தில் நின்று அந்தச் சம்மதத்தைக் கொடுக்க முடியாது என்று அமர்வு தீர்மானித்தது. சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், அதில் ஒரு வாசகத்துக்கு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும் என்றது. நவம்பர் 6ஆம் திகதி சபாநாயகர் அதை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே, நவம்பர் 1ஆம் திகதி, 117 உறுப்பினர்களின் கையொப்பத்துடன் 14 குற்றச்சாட்டுகள் கொண்ட குற்றப்பிரேரணை சபாநாயகர் சமல் ராஜபக்‌ஷவிடம் கொடுக்கப்பட்டிருந்தது.

திவிநெகும மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. முறுகல் முன்னரே தொடங்கியிருந்தது. ஜூலையில் மன்னார் நீதிமன்றம் கல்லெறிக்கு உள்ளானது. ஒக்டோபரில் நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளர் மஞ்சுள திலகரத்ன கல்கிசையில் பட்டப்பகலில் தாக்கப்பட்டார். ஆணைக்குழுவின் மீது அழுத்தம் கொடுக்கப்படுவதாக அவர் அறிக்கை விட்டு மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தீப்பெட்டியை எது உரசியது என்று ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

சம்பந்தன் எழுந்து போன அறை

குற்றச்சாட்டுகளை விசாரிக்க 11 பேர் கொண்ட நாடாளுமன்றத் தெரிவுக்குழு அமைந்தது. ஆளுந்தரப்பு ஏழு பேர், எதிர்த்தரப்பு நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவர் திருகோணமலை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் இரா. சம்பந்தன். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணங்களைக் கொடுத்துவிட்டு உடனே பதில் கேட்டார்கள். ஆளுந்தரப்பு உறுப்பினர்கள் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று பிரதம நீதியரசர் தரப்பு முறையிட்டது. டிசெம்பர் 6ஆம் திகதி அவர் விசாரணையில் இருந்து வெளியேறினார். மறுநாள் எதிர்த்தரப்பு நால்வரும் வெளியேறினார்கள். எஞ்சிய ஏழு பேர் அதற்கடுத்த நாளே அறிக்கையை முடித்து, மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணமாகிவிட்டன என்றார்கள். வீட்டுக் கொள்வனவு ஒன்று, காட்டப்படாத வங்கிக் கணக்குகள், கணவர் மீதான விவகாரத்தில் நலன் முரண்பாடு என்பவையே அவை.

அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு பிரதம நீதியரசரின் கணவர் அரச வங்கித் தலைவராக இருந்து, பங்குக் கொள்வனவு சர்ச்சையில் பதவி விலக நேர்ந்தால், அதைப் பற்றிக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பவர் யார், எப்படிக் கேட்கிறார், பதில் சொல்ல எவ்வளவு அவகாசம் தருகிறார் என்பதில்தான் விசாரணைக்கும் பழிவாங்கலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்த வித்தியாசம் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முடிவை முதலில் எழுதிவிட்டு விசாரணையைப் பிறகு நடத்தும் மேசைக்கு எதிரே நம் பிள்ளைகள் பலர் இருந்திருக்கிறார்கள்.

2013 ஜனவரியில் நடந்தது இதுதான். தெரிவுக்குழுவுக்கு ஒரு நீதியரசரைக் குற்றவாளியாகக் காணும் அதிகாரம் இல்லை, அதற்குச் சட்டம் ஒன்று வேண்டும், நிலையியற் கட்டளை போதாது என்று உயர் நீதிமன்றம் பொருள்கோடல் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜனவரி 7ஆம் திகதி தெரிவுக்குழு அறிக்கையை இரத்துச் செய்தது. அந்த மேன்முறையீட்டு அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் நீதியரசர் எஸ். ஸ்ரீஸ்கந்தராஜா. உயர் நீதிமன்ற அமர்வில் நீதியரசர் க. ஸ்ரீபவன் இருந்தார். நாடாளுமன்றம் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புக்கு அடுத்த நாள் திவிநெகும நிறைவேறியது. ஜனவரி 11ஆம் திகதி 155க்கு 49 என்று பிரேரணை நிறைவேறியது. 13ஆம் திகதி ஜனாதிபதி அவரைப் பதவி நீக்கினார். 15ஆம் திகதி, முன்னர் சட்டமா அதிபராக இருந்த மொஹான் பீரிஸ் பிரதம நீதியரசரானார். 1996இல் அவருடைய நியமனத்தோடு பெயர் அடிபட்ட ஜீ.எல். பீரிஸ் அப்போது வெளிவிவகார அமைச்சர்.

2015இல் ஆட்சி மாறியது. மொஹான் பீரிஸின் நியமனம் ஆரம்பத்தில் இருந்தே செல்லாது என்று ஜனாதிபதி செயலகம் அறிவித்தது. ஜனவரி 28ஆம் திகதி ஷிராணி பண்டாரநாயக்க மீண்டும் தன் ஆசனத்தில் அமர்ந்தார், மறுநாள் ஓய்வுபெற்றார். அவருக்குப் பின் ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். பலர் இதை நீதி திரும்பிய நாளாகக் கொண்டாடினார்கள். ஆனால் போனதும் ஜனாதிபதியின் கையால், வந்ததும் ஜனாதிபதியின் கையால். நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை நாடாளுமன்றமே திரும்பப் பெறவில்லை. நல்ல நோக்கத்துக்காக என்றாலும், கடிதம் ஒன்றால் பிரதம நீதியரசரை மாற்றலாம் என்ற வழக்கம் அந்த நாளிலும் உறுதியானது.

எங்களுக்கு இதில் என்ன?

சம்பூர்ப் பக்கம் ஒரு தாயிடம் இந்தக் கதையை ஒருநாள் சொன்னேன். மகனைத் தேடி நீதிமன்றம், ஆணைக்குழு, அலுவலகம் என்று ஏறி இறங்கியவர். முழுவதையும் கேட்டுவிட்டு, “பெரிய நீதவானம்மாவுக்கே இந்தக் கதியெண்டா, எங்கட கதையை ஆர் பிள்ளை கேக்கப் போகினம்?” என்றார். அவருடைய கேள்வியில் எனக்கு மூன்று விடயங்கள் தெரிகின்றன.

முதலாவது, உயர் நீதிமன்ற நீதியரசர்களைப் பதவி நீக்குவதற்கான நடைமுறையை வகுக்கும் சட்டம் இன்னும் இல்லை. சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் நீக்குவதற்கு 2002இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஓகஸ்டில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோன் அந்தச் சட்டத்தின் கீழ்தான் விசாரிக்கப்பட்டு நீக்கப்பட்டார். நீதியரசர்களுக்கு இருப்பதோ 1984இல் பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோனைக் குறிவைத்துச் சேர்க்கப்பட்ட நிலையியற் கட்டளையின் வழிமுறை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பையும் மொஹான் பீரிஸ் காலத்து உயர் நீதிமன்றம் 2014இல் தள்ளிவிட்டது. பொலிஸ் மா அதிபருக்கு உள்ள பாதுகாப்பு பிரதம நீதியரசருக்கு இல்லை.

இரண்டாவது, மேலே இருப்பவருக்கு இப்படியென்றால் கீழே இருப்பவர் எப்படித் துணிவார்? முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா 2023 செப்டெம்பரில், குருந்தூர்மலை வழக்கில் பிறப்பித்த கட்டளைகளால் தனக்கு உயிரச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியை விட்டு, நாட்டையும் விட்டுப் போனார். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில், 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் அனைவரும் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகள் பயந்து நாட்டைவிட்டு ஓடியிருந்தார்கள். சாட்சிக்கும் நீதிபதிக்கும் ஒரே பயம் இருக்கும் நாட்டில் வழக்கு எங்கே நிற்கும்?

மூன்றாவது, நான் தொடக்கத்தில் கேட்ட கேள்வி. 2012இல் சபை இல்லாமல் இருந்தது வடக்கில் மட்டும். இன்று ஒன்பது மாகாணங்களிலும் சபை இல்லை. கல்வி, விவசாயம், காணி என்று மாகாணத்தைத் தொடும் எந்தச் சட்டமூலம் வந்தாலும் சம்மதிக்கவோ மறுக்கவோ திருகோணமலையில் யாரும் இல்லை. பூட்டு இருக்கிறது, காவல் நிற்க வீட்டில் ஆள் இல்லை. ஆளுநர் வீட்டுக்காரராக மாட்டார் என்ற அந்த 2012 தீர்மானம் மட்டுமே இப்போது வாசலில் கிடக்கிறது. அதை எடுத்து வாதிடுவது நமது அரசியல்வாதிகளினதும் சட்டத்தரணிகளினதும் வேலை. கேட்டுவைப்பது நமது வேலை.

2024 டிசெம்பரில் முர்து பெர்னாண்டோ இலங்கையின் இரண்டாவது பெண் பிரதம நீதியரசரானார். சட்டமா அதிபர் திணைக்களத்தில் நீண்டகாலம் பணியாற்றி 2018இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர். அந்த ஆண்டு மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தது சட்டவிரோதம் என்று டிசெம்பரில் தீர்ப்பளித்த எழுவரில் அவரும் ஒருவர். 2025 ஜூலையில் வயதெல்லையை அடைந்து ஓய்வுபெற்றார். முதலாமவருக்கு நடந்தது இரண்டாமவருக்கு நடக்கவில்லை. அதில் ஆறுதல் உண்டு. ஆனால் அதற்குக் காரணம் ஆட்சியில் இருந்தவர்கள் அதை விரும்பாததே தவிர, செய்யமுடியாதபடி சட்டம் மாறியதல்ல.

ஷிராணி பண்டாரநாயக்கவைத் தமிழ் மக்களின் நாயகியாக்க நான் எழுதவில்லை. 18ஆவது திருத்தத்துக்கு வழிவிட்டவர் அவர். அவரைத் தெரிவுக்குழுவில் இருந்தும் பாதுகாக்க எழுந்து போன சம்பந்தன், தன் வாழ்நாளில் இந்த நீதிமன்றங்களால் பலதடவை ஏமாற்றப்பட்ட ஒரு மக்களின் பிரதிநிதி. 2024 ஜூனில் காலமாகும்வரை அவர் மாகாண சபைகளில் இருந்து அதிகம் பெறவேண்டும் என்றுதான் வாதிட்டார். இருந்ததும் இல்லாமல் போன நிலையில்தான் அவர் போனார்.

ஒரு நீதிபதி நமக்குப் பிடித்தவராக இருப்பதும், அவருடைய ஒரு தீர்மானம் நமக்குத் தேவையாக இருப்பதும் வேறுவேறு. மாகாண சபைத் தேர்தலை எப்போது வைப்பீர்கள், நீதியரசர்களைப் பதவி நீக்கும் நடைமுறைக்கு எப்போது சட்டம் கொண்டுவருவீர்கள்? வரும் நாட்களில் வாக்குக் கேட்டு உட்துறைமுக வீதிக்கும் மூதூருக்கும் சம்பூருக்கும் வருபவர்களிடம் இந்த இரண்டு கேள்விகளையும் வைப்போம். பதிலை எழுத்தில் வாங்குவோம்.